முட்டை மிதக்கும் உப்புக் கரைசலில் விதை நெல்லைத் தரம் பிரிக்கும் முறை

விதை நெல்லை வெறும் தண்ணீரில் கொட்டினால் உள்ளே அரிசியே இல்லாத பதர் மட்டுமே மேலே வரும். பாதி பால் பிடித்து நின்றுபோன கருக்காய் மணிகளில் பல, தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியவை என்பதால், நல்ல மணிகளுடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையைக் கொண்டு குத்துக்கு, அதாவது ஒரு நடவுப் புள்ளிக்கு, ஒரே நாற்று நடும் திருந்திய நெல் சாகுபடியில், இத்தகைய மணியிலிருந்து எழும் வலுவற்ற நாற்று அந்தக் குத்தையே வீணாக்கும். எனவே கருக்காயையும் மிதக்கச் செய்யும் அளவுக்குத் தண்ணீரின் அடர்த்தியை உயர்த்த வேண்டும். அதற்குக் கைக்கெட்டும் பொருள் உப்பு.

உப்பைப் போட்டால் தண்ணீர் ஏன் அடர்த்தியாகிறது என்பதை அறிந்துகொண்டால் செய்முறையில் தவறு நேராது. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தால் எடை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் கொள்ளளவு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர்தான் கூடுகிறது. அதே 100 கிராம் உப்பு, படிகமாக இருந்தபோது அடைத்துக்கொண்டிருந்த இடமோ 46 மில்லிலிட்டர். கரைந்த உப்பின் மின்னேற்றம் பெற்ற அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைத் தம்மை நோக்கி இழுத்து நெருக்கி அடுக்குவதால், கரைசல் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. இதனால் மில்லிலிட்டருக்கு ஒரு கிராமாக இருந்த அடர்த்தி 1.06 கிராமுக்கு மேல் செல்கிறது. எடைக்கு எடை போட்டால் சர்க்கரை இதில் ஏறக்குறைய பாதி உயர்வையே தரும். கரையும் பொருள்கள் எல்லாமே அடர்த்தியைக் கூட்டும் என்றும் எண்ணிவிடக் கூடாது. சாராயமும் அம்மோனியாவும் கரைந்தால் தண்ணீரின் அடர்த்தி குறையும்.

இனி செய்முறைக்கு வருவோம். 15 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றி, உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு கோழி முட்டையை அதில் இட்டுப் பார்க்க வேண்டும். புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாள்பட்ட முட்டைக்குள் இருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிவிடுவதால், அது நிமிர்ந்து நிற்கும் அல்லது மிதக்கும். இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இங்கே முட்டைதான் அளவுகோல். பழைய முட்டை சிறிதளவு உப்பிலேயே மிதந்து, கரைசல் தயாராகிவிட்டதாகப் பொய்யாகக் காட்டும், கருக்காய் அப்படியே விதையில் தங்கிவிடும். முட்டை நாட்டுக்கோழியுடையதா பண்ணையுடையதா, சிறியதா பெரியதா என்பது அவ்வளவு முக்கியமன்று, ஏனெனில் மிதப்பதைத் தீர்மானிப்பது அடர்த்தியே.

முட்டையை எடுத்து வைத்துவிட்டு, முதலில் ஒரு கிலோ உப்பைப் போட்டு முழுவதும் கரையும் வரை கலக்க வேண்டும். பிறகு முட்டையை மீண்டும் இட்டு, 100 கிராம் அளவில் உப்பைச் சேர்த்துச் சேர்த்துக் கலக்கிப் பார்க்க வேண்டும். முட்டையின் மேற்பகுதி பழைய 25 காசு நாணயத்தின் அளவுக்கு நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்போது கரைசல் தயார். அந்த நாணயம் 2011ஆம் ஆண்டிலேயே செல்லாததாகிவிட்டதால், இளைய விவசாயிகள் சுமார் 19 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் என்று நினைவில் கொள்ளலாம். பெரும்பாலும் 10 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி இந்த நிலை வரும். கல் உப்பில் ஈரமும் பிற உப்புகளும் கலந்திருப்பதால், தராசைவிட முட்டையின் சொல்லையே நம்ப வேண்டும்.

முட்டை மேலேயும் வராமல் அடியிலும் தங்காமல் நடுநீரில் அசையாது நின்றால், பலர் இன்னும் சிறிது உப்பு போதும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கரைசல் சரியாகக் கலக்கவில்லை என்பதற்கான அடையாளமே. கரையாத உப்பு அடியில் கிடக்கும்போது அங்கே அடர்த்தி மிகுந்த படலமும் மேலே நீர்த்த படலமும் உருவாகி, முட்டை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அப்போது உப்பைச் சேர்க்காமல் அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும்.

அடர்த்தியை அளக்கும் திரவமானி வைத்திருப்போர் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.09 முதல் 1.10 வரை இருப்பதை உறுதி செய்துகொள்ளலாம். உப்பளங்களில் பயன்படும் போமே அளவில் இது 12 முதல் 13 டிகிரி வரை வரும். ஜப்பானில் 1882ஆம் ஆண்டு வேளாண் அறிஞர் யோகோய் தோகியோஷி இதே முறையை வகுத்தார். அங்கே சாதாரண நெல்லுக்கு 1.13 என்ற கடுமையான அளவும், ஒட்டும் அரிசி வகைகளுக்கு அதைவிடக் குறைந்த அளவும் பின்பற்றப்படுகின்றன. ஆகவே எல்லா இரகங்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. மிதந்தவை அளவுக்கு மீறி இருப்பதாகத் தோன்றினால், அவற்றில் சில மணிகளை உரித்துப் பார்க்க வேண்டும். அரிசி முழுமையாக இருந்தால் சிறிது தண்ணீர் ஊற்றிக் கரைசலைத் தளர்த்தலாம்.

முட்டையை எடுத்துவிட்டு, உலர்ந்த விதையை 2 அல்லது 3 கிலோ வீதம் கொட்டிக் கையால் நன்றாகக் கிளற வேண்டும். உமியின் சொரசொரப்பில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகள் நல்ல மணியையும் தூக்கிப் பிடிக்கும். கிளறினால்தான் அவை விலகி மணி இறங்கும். ஓரிரு நிமிடங்களில் மிதப்பதைச் சல்லடையால் அரித்து எடுத்துவிட்டு, மூழ்கிய விதையை உடனே வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலச வேண்டும். உப்பு தங்கினால் முளைப்புத்திறன் கெடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. முன்பே விதைக்கு மருந்திட்டிருந்தால் அதுவும் இந்த அலசலில் கழுவப்பட்டுவிடும். ஆதலால் மருந்திடும் விதை நேர்த்தியைத் தரம் பிரித்த பின்னரே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறையும் விதை சிறிது கரைசலை உடன் எடுத்துச் செல்லும். குறைந்ததை ஈடுகட்டத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி இறங்கும் என்பதால், அடுத்த விதையைக் கொட்டுமுன் முட்டையை இட்டுப் பார்த்துத் தேவையான உப்பைச் சேர்க்க வேண்டும். வெயிலில் கரைசல் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடேறினாலும் அடர்த்தி 0.005க்கும் குறைவாகவே இறங்குவதால், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மிஞ்சிய கரைசலை நாற்றங்காலிலோ வாய்க்காலிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. அகன்ற தட்டுகளில் வெயிலில் காயவைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும். அதை அடுத்த பட்டத்தின் விதைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.