டீசல் எஞ்சினில் காற்று அடைத்தால் பற்றரியை வீணாக்காதீர்கள்

டீசல் தாங்கி வற்றி நின்ற படகு, நிரப்பிய பின்னும் உயிர்பெறவில்லையா? ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டாம். டீசல் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை ஏறக்குறைய ஒரு சுற்று தளர்த்தி, கைப்பம்பியை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வழியும்போதே, பம்பியை விடாமல், திருகை இறுக்குங்கள். அந்தக் கணம்தான் முக்கியம். பம்பியை விட்டுவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போகும். வழியும் டீசலை ஒரு பேணியில் பிடியுங்கள், கடலில் விடாதீர்கள்.

காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குழாயில் காற்று நின்றால் பம்பியின் அழுத்தம் அதை நசுக்குவதிலேயே போய்விடும், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் திறக்காது.

யாழ்ப்பாணத்தில் மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் ஓடும், படகின் பின்புறம் மாட்டும் மண்ணெண்ணெய் வெளியிணைப்பு எஞ்சின்களுக்கு இது பொருந்தாது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாய்களைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். குமிழி நிற்கவே இல்லையென்றால் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. முதலில் செப்பு வாசரையும் குழாய்க் கிளிப்பையும் பாருங்கள்.