ஒற்றை ஆட்ட வைல்ட் கார்டு நியாயமா என்று எடைபோடுவது எப்படி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அணிகள் டிவிஷன் என்ற சிறு பிரிவுகளில் ஆடும், டிவிஷனில் முதலிடம் பிடிக்காதவற்றில் அதிகம் வென்ற அணிகள் வைல்ட் கார்டாகக் கோப்பைக்கான நாக்அவுட் கட்டத்துக்குள் வரும். அங்கே 2012 முதல் 2021 வரை, 2020 நீங்கலாக, வைல்ட் கார்டு சுற்று ஒரே ஆட்டம்தான். 162 ஆட்டம் ஆடிவிட்டு ஒரே ராத்திரியில் மூட்டை கட்டுவதா என்று இன்னும் பலர் கொதிக்கிறார்கள். நீங்களும் இந்த விவாதத்தில் இறங்குவதானால், முதலில் அதிர்ஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் அணி எதிரணியை 100-க்கு 55 முறை வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் நல்ல அணிகளுக்குள் அதுவே கணிசமான இடைவெளி. ஒரே ஆட்டம் என்றால் வாய்ப்பு 55 சதவீதம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்று மாற்றினால் சுமார் 57.5, ஏழு ஆட்டத் தொடர் வைத்தாலும் 61 வராது. அதனால் 'ஒரே ஆட்டம் வெறும் சூதாட்டம்' என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் மடக்கிவிடுவார்.

அடுத்து பிட்சர், அதாவது பந்து வீசுபவர். சீசனில் வழக்கமாக ஐந்து பேர் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள், ஒற்றை ஆட்டத்திலோ எதிரணியின் ஆகச்சிறந்த ஒருவரிடம் மாட்டினால் கதை முடிந்தது. 2015-இல் பைரேட்ஸ் அணிக்கு வாய்த்தவர் கப்ஸ் அணியின் ஜேக் அரியெட்டா, ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசி 4-0 என்று முடித்துவிட்டார்.

சரி, இப்போது முக்கியமான வேலை. டிவிஷன் பெயர்களை அழித்துவிட்டு வெற்றிகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். அந்த 2015-இல் பைரேட்ஸ் 98, கப்ஸ் 97. மொத்த 30 அணிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இவைதான், ஆனால் அதே டிவிஷனில் கார்டினல்ஸ் 100 வென்றுவிட்டதால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 90 வென்ற மெட்ஸோ தன் டிவிஷனில் முதலிடம் என்பதால் நேராக அடுத்த சுற்றில். 2021-இல் 106 வென்ற டாட்ஜர்ஸ் அந்த ஒற்றை ஆட்டம் ஆடியது (ஜெயித்தது என்பது வேறு விஷயம்), 88 வென்ற பிரேவ்ஸ் அதைத் தாண்டிப் போய் கடைசியில் கோப்பையையே தூக்கியது. என் பார்வையில் அநியாயம் இங்கேதான், ஆட்ட எண்ணிக்கையில் இல்லை.

டிவிஷன் வென்றவர் பக்கமும் நின்று பாருங்கள். 2011 வரை வைல்ட் கார்டு அணியும் அவர்களோடு ஏறக்குறைய சமமாகவே உள்ளே வந்தது. டிவிஷன் வெற்றிக்கு மதிப்பு வேண்டும் என்பதும் 2012 மாற்றத்துக்கு ஒரு காரணம், அந்த வகையில் அது வேலை செய்தது.

2022-இல் மூன்று ஆட்டத் தொடர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், தரவரிசையில் (முதல் மூன்று இடமும் டிவிஷன் வென்றவர்களுக்கே) மூன்றாம் இடத்து டிவிஷன் சாம்பியனின் வெற்றிகளையும் நான்காம் இடத்து வைல்ட் கார்டின் வெற்றிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கூடுதலாக வென்றாலும் வைல்ட் கார்டு அணிக்கு இன்றும் நான்காம் இடம்தான்.