வெளிநாட்டுப் பல்கலையுடன் ஊட்டச்சத்துக் கூட்டாய்வு: ஒரு ரத்த மாதிரிக் குழாயின் பின்னால் போய்த் திட்டமிடுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பொன்னாடை போர்த்தி, படமும் எடுத்துக்கொண்ட பிறகு எதுவுமே நடக்காமல் போன கூட்டாய்வுகள் ஏராளம். அந்த ஒப்பந்தத்தில் பெரும்பாலும் பணமும் இருக்காது, பொறுப்பும் இருக்காது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளில், ஆய்வுக்காக எடுக்கப்போகும் ஒரே ஒரு ரத்த மாதிரிக் குழாய் மாணவியின் கையிலிருந்து ஆய்வகம் வரை எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். யார் எடுக்கிறார், எதில் எடுக்கிறார், எங்கே உறைய வைக்கிறார், யார் அனுப்புகிறார், முடிவு யாருக்குச் சொந்தம்? அனுமதி, செலவு, உரிமை மூன்றும் அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் ஒரு மனையியல் கல்லூரி, கனடாவில் ஒரு பல்கலைக்கழகம். இரும்புச்சத்து கூடிய கம்பில் சமைத்துக் கொடுத்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் 12 முதல் 16 வயது மாணவிகளின் உடலில் இரும்புச் சேமிப்பு கூடுமா என்பது கேள்வி. (மகாராஷ்டிரத்தில் இதே வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படி ஓர் ஆய்வு நடந்து 2015-ல் வெளியானது. அதைப் படிக்காமல் முன்மொழிவு எழுத உட்காராதீர்கள்.)

கூட்டாளியைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், உங்களிடம் இல்லாதது அவர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கனடா அரசுப் பணத்தில் 2009 முதல் 2018 வரை நடந்த உணவுப் பாதுகாப்பு ஆய்வு நிதியத்தில், கோவை வேளாண் பல்கலையும் கனடாவின் குவெல்ஃப் பல்கலையும் கொழும்பின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐ.டி.ஐ.-யும் சேர்ந்து, மாம்பழம் சீக்கிரம் கெடுவதைத் தடுக்க, தாவரங்களில் இயல்பாக உள்ள ஹெக்ஸனால் என்ற பொருளைப் பயன்படுத்தும் ஆய்வைச் செய்தன. மாம்பழம் வீணாவது இங்கத்திய பிரச்சினை, அதனால் கேள்வியும் இங்கிருந்தே எழுந்தது. மாதிரியை மட்டும் அனுப்பச் சொல்கிறவர் கூட்டாளி அல்ல, வாடிக்கையாளர்.

குத்துவதற்கு முன்

மாணவியின் கையைத் தொடுமுன் உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு அனுமதி வேண்டும். கனடா பக்க அறநெறிக் குழுவின் அனுமதி தனி. வெளிநாட்டுக் கூட்டு என்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாக சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். உணவு கொடுத்து விளைவைப் பார்ப்பதால் இது மருத்துவச் சோதனை ஆய்வு (கிளினிக்கல் டிரையல்) வகை. முதல் மாணவியைச் சேர்ப்பதற்கு முன்பே, இத்தகைய ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவாகியிருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதலோடு மாணவியின் எழுத்துமூல இசைவும் தேவை. விடுதிக் காப்பாளர் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்கு ஈடாகாது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

கம்பு விதைக்கு வேறு சட்டம். வெளிநாட்டவர் இந்திய உயிரியல் வளத்தை ஆய்வுக்கு எடுக்க 2002-ன் உயிரியல் பன்மயச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுத் திட்டங்களுக்கு 5-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அந்த ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். சந்தையில் கிடைக்கும் தானியம்தானே என்று இருந்துவிடாதீர்கள். சந்தைப் பொருளுக்கான விலக்கு வணிகத்துக்குத்தான், ஆய்வுக்கு இல்லை.

வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டமும் வந்துவிடும். சட்டத்தால் அமைக்கப்பட்டு, சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கைக்குக் கட்டாயம் உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. தொண்டு நிறுவனத்துக்கு அது கிடையாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, ‘ஒருவர் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம்’ என்ற பழைய ஏற்பாடு செல்லாது. இந்தியக் கூட்டாளி ஒவ்வொருவருக்கும் கனடாவிலிருந்து தனித்தனி ஒப்பந்தம் போடுங்கள். ‘செலவு செய்துவிட்டுப் பில் அனுப்புங்கள்’ என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கையிலிருந்து போட்டுச் செலவழிக்கக் கல்லூரியிடம் பணம் இருக்காது. மூன்று மாதச் செலவை முன்பணமாகக் கேளுங்கள்.

நாட்காட்டியை மறந்துவிடாதீர்கள். கனடா மாணவர்கள் களப்பணிக்கு வரக்கூடிய காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. நம் விடுதிகள் மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும். ஜூலையில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தட்டும் குழாயும்

உணவை அளக்க, முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதை, அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களில் கேட்டு எழுதுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். ‘சாம்பார் ஒரு கரண்டி’ என்று எழுதி வந்தால் கணக்குப் போட முடியாது. விடுதிச் சமையலறையில் தராசோடு நில்லுங்கள். 100 கிராம் பருப்பு போட்டு இறக்கிய சாம்பார் 1,250 கிராம் வந்தால், 150 கிராம் ஊற்றிக்கொண்ட மாணவிக்குப் போனது 12 கிராம் பருப்பு. கரண்டியையும் எடை போட்டு, அதே கரண்டியை நேர்காணலுக்குக் கொண்டு போங்கள். கம்பங்கூழில் தண்ணீர் நாளுக்கு நாள் மாறும், அதனால் தினமும் எடை போட வேண்டும்.

ரத்தத்தில், இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டினை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சளி, காய்ச்சல், பல் வீக்கம் இருந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும், குறைபாடு மறைந்துவிடும். அதே குழாயில், அழற்சியைக் காட்டும் புரதங்களான சி.ஆர்.பி.-யும் ஏ.ஜி.பி.-யும் பாருங்கள். இந்த வயதில் ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைபாடு. அழற்சி இருந்தால் உலக சுகாதார நிறுவனம் 70-ஐ எல்லையாக வைக்கிறது.

துத்தநாகமும் பார்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலும் பவுடர் போட்ட கையுறையிலும் துத்தநாகம் இருக்கலாம். அது கலந்தால் அளவு பொய்யாக ஏறிவிடும். நுண்தாதுப் பரிசோதனைக்கான கருநீல மூடிக் குழாயும் பவுடர் இல்லாத கையுறையும் வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு அளவு இறங்கும் என்பதால், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள். ரத்தம் கட்டியாக அரை மணி நேரம் விட்டு, உடனே சுழற்று இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்தெடுங்கள். மின்வெட்டு நேரத்தை விடுதியில் முன்னாடியே விசாரித்து, இன்வெர்ட்டரோடு போங்கள். சீரம் சிவந்திருந்தால் ரத்தச் சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம், துத்தநாகத்துக்கு அது உதவாது.

எல்லா மாணவிகளையும் சேர்ப்பதற்கு முன் 20 குழாய்ச் சீரத்தைப் பாதிப் பாதியாக இரு ஆய்வகங்களிலும் சோதியுங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சரியாகும் வரை காத்திருங்கள். இதற்கான செலவைப் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டுங்கள், இல்லையென்றால் யாரும் தர மாட்டார்கள்.

அனுப்பும்போது

மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எந்தெந்தச் சோதனை, மீதிச் சீரத்தை என்ன செய்வது, முதல் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் இங்கேயே இருக்கட்டும். கனடாவுக்கு எண் மட்டும் போனால் போதும்.

சீரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இங்கே மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டு மறுபாதியை அனுப்புங்கள். பெட்டியில் போடும் உலர்பனி (திடமான கார்பன் டை ஆக்சைடு) வழியெல்லாம் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். சுங்கத்தில் இரண்டு நாள் நின்றாலும் தாங்கும் அளவுக்குப் பனி போட்டு, திங்கள் காலையில் அனுப்புங்கள். வியாழனோ வெள்ளியோ அனுப்பினால் பெட்டி சனி, ஞாயிறு முழுக்க ஏதாவது கிடங்கில் கிடக்கும்.