பைக் பற்றரி ஏன் இறங்குகிறது? மீற்றர் வைத்து நீங்களே கண்டுபிடிக்கும் முறை

காலையில் திறப்பைத் திருப்பினால் நியூற்றல் லைற் மங்கலாக எரிகிறது. செல்ஃபை அழுத்தினால் 'டக் டக்' என்று ரிலே மட்டும் தட்டுகிறது. கிக் அடித்து எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம்வரை ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் விடிந்தால் திரும்பவும் அதே பாடு. இந்த நிலையில் பலர் நேரே போய்ப் புதுப் பற்றரி வாங்குகிறார்கள். உண்மையான பழுது வயரிலோ, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரிலோ இருந்தால் கொஞ்ச நாளில் புதுப் பற்றரியும் படுத்துவிடும். காசைச் செலவழிக்க முன்னர் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி அளந்து பாருங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. பற்றரி சார்ஜைப் பிடித்து வைக்கிறதா? ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா? நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதாவது கரண்டைக் குடிக்கிறதா? இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். பற்றரி செத்திருந்தால் அதற்குப் பிறகு எடுக்கும் அளவுகள் எல்லாம் பொய் சொல்லும்.

கையில் இருக்க வேண்டியவை: 10 அம்பியர் துளை உள்ள டிஜிற்றல் மல்ரிமீற்றர், கிளிப் பூட்டிய இரண்டு சிறு வயர், 12 வோல்ற் 21 வாற் பிரேக் பல்ப் ஒன்று ஹோல்டருடன், 10 மில்லிமீற்றர் ஸ்பானர், ஸ்குறூ டிறைவர், சாண்ட் பேப்பர், பழைய ரூத் பிறஷ், அப்பச் சோடா, வாசலின். விலை கூடிய மீற்றர் தேவையில்லை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண மீற்றரே இந்த வேலைக்குப் போதும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் நிற்கிற பைக்குக்கு முதல் எதிரி உப்பு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று, வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் போய்ச் செப்பைப் பச்சையாக்கும். வாடைக் காற்றோடு மாரி மழையும் சேர்ந்தால் அந்தப் பச்சை ஈரமாகி, கரண்டு போகக் கூடாத வழியாக மெல்லக் கசிய வைக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் என்றால் எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் பைக்கை விடுகிறவர்கள் சீற்றைக் கழற்றி ஒருதரம் ரோச் அடித்துப் பார்ப்பது நல்லது.

பற்றரி முனைகளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் கழற்றித் துப்புரவாக்குங்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. பூட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. மாற்றிச் செய்தால், சிவப்பு முனையில் இருக்கிற ஸ்பானர் பைக்கின் இரும்பில் பட்டவுடன் பெரிய பொறி பறக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச் சோடா கரைத்து ரூத் பிறஷால் தேய்த்தால் தூள் நுரைத்துப் போய்விடும். மூடி உள்ள பற்றரியில் இந்தக் கரைசல் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. துடைத்து, சாண்ட் பேப்பரால் மினுங்கும்வரை உரசி, நட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். எத்தனையோ பைக்கில் பழுது இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

தண்ணீர் விடும் பற்றரி என்றால் மட்டத்தைப் பாருங்கள். கச்சான் காலத்து வெக்கைக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்கும்படி காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். அசிட் விடவே வேண்டாம்.

பற்றரி நல்லதா?

பைக்கை இரவு முழுக்க ஓடாமல் வைத்துவிட்டு, காலையில் திறப்பைப் போட முன்னர் மீற்றரை டிசி 20 வோல்றில் வைத்து இரண்டு முனையிலும் அளவுங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் வெறுமை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஓடிவந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும், அந்த அளவை நம்பாதீர்கள்.

குறைவாக இருந்தால் முதலில் வெளியே வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டும். பற்றரியில் எழுதியிருக்கும் அம்பியர் மணியில் (Ah) பத்தில் ஒரு பங்குதான் அளவு: 5 என்று இருந்தால் 0.5 அம்பியர். கார் பற்றரிக்கு வைக்கும் பெரிய சார்ஜரைப் பூட்டினால் சின்னப் பற்றரி சூடேறி வீங்கும். காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்றுங்கள். வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியது. ஏற்றி முடித்துச் சில மணித்தியாலம் விட்டு அளவுங்கள். பிறகு மீற்றரைப் பற்றரியிலேயே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். இஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. நிறையச் சார்ஜ் ஏற்றியும் 10.5 அளவிலேயே நிற்கிறது என்றால் ஆறு அறையில் ஒன்று செத்திருக்கிறது. அப்போது மட்டும் புதுப் பற்றரிக்குக் காசு கொடுங்கள்.

சார்ஜ் ஏறுகிறதா?

இஞ்சினை ஸ்ராட் பண்ணி, ஹெட்லைற்றையும் போட்டு, பற்றரி முனையில் அளவுங்கள். அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட்டி நிமிடத்துக்கு 4000 சுற்று அளவில் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். 13ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேற்றர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. பல்ப் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதும், பற்றரித் தண்ணீர் கிழமைக்குக் கிழமை வற்றுவதும் இதற்கு அடையாளம்.

சார்ஜ் வராவிட்டால் ரெகுலேற்றர் கப்ளரைக் கழற்றி முகர்ந்தும் பாருங்கள். முனை தளர்ந்தால் சூடேறி, பிளாஸ்ரிக் மண்ணிறமாக உருகி, கருகிய மணம் இருக்கும். இஞ்சினுக்குள் கரண்டு உண்டாக்கும் கொயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும் பைக்கில், அந்த மூன்றையும் இரண்டிரண்டாக ஓமில் அளந்தால் எல்லா இணையிலும் ஒரே மாதிரி மிகக் குறைந்த அளவு வர வேண்டும். எதுவும் இஞ்சின் இரும்போடு தொடர்பு காட்டக் கூடாது. பிறகு இஞ்சினை ஓடவிட்டு ஏசி வோல்றில் வைத்து அளவுங்கள். மூன்று இணையும் சமமாக, வேகத்தோடு கூடிக்கொண்டு போனால் கொயில் நல்லது, சந்தேகம் ரெகுலேற்றர் மேல். ஒன்று மட்டும் குறைந்தால் கொயில் எரிந்திருக்கிறது. பழைய 100 சிசி பைக் பலவற்றில் கொயிலின் ஒரு முனை இரும்போடு சேர்ந்தே இருக்கும். அங்கே இரும்போடு தொடர்பு காட்டுவது பழுதாகாது. அவற்றில் ஹெட்லைற்றும் கொயிலிலிருந்தே நேராக எரியும் என்பதால், ஹெட்லைற் பிரகாசமாக எரிகிறது என்று பற்றரியைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

பழுது எதுவும் இல்லாமலும் இறங்கலாம். கல்லடியிலிருந்து பாலம் தாண்டி நகரத்துக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்தில், நாலு இடத்தில் நிறுத்தி நாலு முறை செல்ஃப் அடித்தால், எடுத்த சார்ஜ் திரும்பி ஏற நேரம் கிடைக்காது.

நிற்கும்போது யார் குடிக்கிறார்?

எங்கள் அனுபவத்தில் மர்மமாகத் தெரியும் பழுதில் பெரும்பங்கு இங்கேதான் பிடிபடும். ஆகவே அவசரப்படாமல் செய்யுங்கள்.

1. திறப்பை எடுத்துவிடுங்கள். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, டிசி அம்பியரில் வையுங்கள்.
2. பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றுங்கள். மீற்றரின் ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் மற்றதைப் பற்றரியின் கறுப்பு முனையிலும் கிளிப்பால் பிடியுங்கள்.
3. ஐந்து நிமிடம் பொறுங்கள். அலாரம் பூட்டியிருந்தால் அது அடங்க நேரம் எடுக்கும்.
4. அளவு மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் மில்லி அம்பியர் துளைக்கு மாற்றுங்கள்.

மீற்றர் இப்படிப் பூட்டியிருக்கும்போது திறப்பைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது. மீற்றரின் பியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ற் துளைக்குத் திருப்பி மாற்ற மறக்காதீர்கள். மறந்துபோய் அடுத்த தடவை பற்றரியில் வைத்தால் மீற்றர் வழியாகவே ஷோட் ஆகும்.

பைக்கின் வேகம் காட்டும் மீற்றர் முள் வைத்ததென்றால் அளவு பூச்சியமாக இருக்க வேண்டும். மணி காட்டும் டிஜிற்றல் மீற்றர் என்றால் ஒன்றிரண்டு மில்லி அம்பியர் போகலாம். 50 காட்டினால் கணக்குப் போடுங்கள்: 5 அம்பியர் மணிப் பற்றரி 100 மணித்தியாலத்தில், நாலு நாளில் வெறுமை. செல்ஃப் அதற்கும் முதலே கைவிட்டுவிடும்.

இப்போது மீற்றரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில், பைக் வாங்கிய பிறகு பூட்டியவை: அலாரம், போன் சார்ஜர், எல்.ஈ.டி. லைற், ஜி.பி.எஸ். இவற்றை நேரே பற்றரியில் கொடுத்திருந்தால் திறப்பை எடுத்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். அடுத்து ரெகுலேற்றர் கப்ளர். அதைக் கழற்றியதும் அளவு விழுந்தால் உள்ளே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டயோட் கசிகிறது. அடுத்து திறப்புச் சுவிச்சின் கப்ளர். சுவிச்சுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, திறப்பை எடுத்திருக்கும்போதே முனைகளுக்கிடையில் கரண்டு கடப்பது கடலோரத்தில் நடக்கக் கூடியதே. எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, பழுது அந்த வழியில் இருக்கிறது.

விட்டு விட்டு வரும் பழுதுகள்

பிரேக் பிடித்தால் சிக்னல் லைற் மெல்ல மினுங்குகிறதா? சிக்னல் போட்டால் பின் லைற் சேர்ந்து துடிக்கிறதா? அது ஏர்த் பழுது. திரும்பிப் போகும் வழி அடைபட்ட கரண்டு அடுத்த பல்ப்புக்குள்ளால் வழி தேடுகிறது. மீற்றரின் கறுப்பைப் பற்றரியின் கறுப்பு முனையிலும் சிவப்பைப் பல்ப் ஹோல்டரின் ஏர்த்திலும் வைத்து லைற்றைப் போடுங்கள். 0.1 வோல்றுக்குக் கீழே இருக்க வேண்டும். அரை வோல்ற் காட்டினால் ஏர்த் போல்ற்றைக் கழற்றி, பெயின்ரும் துருவும் போக உரசிப் பூட்டுங்கள்.

ஹாண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் லைற் போகிறதென்றால், கழுத்தடியில் மடிந்து மடிந்து வயர் உள்ளே அறுந்திருக்கும். வெளிப் பிளாஸ்ரிக் முழுசாகவே தெரியும். இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் அறுந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் செப்புக் கம்பி சுற்றவே கூடாது, வயர் தீப்பிடிக்கும். பியூஸ் இருந்த இடத்தில் அந்த 21 வாற் பல்ப்பைப் பூட்டுங்கள். ஷோட் இருக்கும்வரை பல்ப் முழுப் பிரகாசமாக எரியும், ஆனால் இரண்டு அம்பியருக்குக் குறைவான கரண்டே போகும் என்பதால் வயர் கருகாது. இனி ஹாண்டிலைத் திருப்புங்கள், சீற்றடி வயரை அசையுங்கள், கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பல்ப் அணைகிற அல்லது மங்குகிற அந்தக் கணத்தில் உங்கள் கை தொட்டுக்கொண்டிருக்கும் வயர்தான் பழுது.

அறுந்த வயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றினால் அடுத்த மாரிக்குள் பச்சை பிடிக்கும். ஈயம் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டு, கப்ளருக்குள் கொஞ்சம் வாசலின் வைத்து மூடுங்கள். பிறகு மில்லி அம்பியரை இன்னொரு தடவை அளந்து, பற்றரி முனையின் வோல்றையும் இரவே ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள். விடிந்து, திறப்பைப் போட முன்னர் அதே இடத்தில் அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.