கற்பனை வற்றினால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஓவியம், வடிவமைப்பு, எழுத்து, புகைப்படம், இசை என்று கலையையே சொந்தத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த நிலை வந்தே தீரும்: வேலை இருக்கிறது, பணமும் ஓரளவு வருகிறது, ஆனால் மனதில் ஒன்றும் ஊறவில்லை. உடனே திறமை தீர்ந்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். சிலர் புதிய கருவி வாங்குவார்கள், சிலர் இன்னொரு பயிற்சி வகுப்பில் சேர்வார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வாரம் முழுக்க யாருக்காக, எந்த நேரத்தில், என்ன நிபந்தனையில் உழைக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் 14 நாளும் போதும்.

இரண்டு வாரக் கணக்கு

நோட்டில் 4 பத்தி போடுங்கள்: நேரம், என்ன வேலை, யாருக்காக, முடித்ததும் எப்படி இருந்தது. கடைசிப் பத்தியில் கூட்டல், கழித்தல், பூஜ்யம் என்று ஒரு குறி மட்டும். ஒவ்வொரு வேலையும் முடிந்த கையோடு எழுத வேண்டும். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் கணக்கு பொய் சொல்லும். மாலை 6 மணிக்கு வந்த ஒரு கடுப்பான மெயில் காலையில் நன்றாகப் போன 3 மணி நேரத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

14 நாள் முடிந்ததும் நான்கு விஷயங்களை எண்ணுங்கள். உண்மையில் படைப்பில் கழிந்த நேரம் எவ்வளவு. மெயில், விலை சொல்வது, பாக்கி கேட்பது, ஃபைல் அனுப்புவது ஆகியவற்றில் போனது எவ்வளவு? யாரும் கேட்காமல் நமக்காகவே செய்தது எத்தனை மணி நேரம்? கழித்தல் குறிகள் எங்கே குவிந்திருக்கின்றன? நான்காவதுதான் முக்கியம். 'எனக்கு டிசைன் வேலையே அலுத்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் நோட்டில், கழித்தல் எல்லாம் ஒரே கிளையன்ட் பெயருக்கு நேராக வரிசையாக நிற்பது சர்வ சாதாரணம். அலுத்தது தொழில் இல்லை, அந்த ஆள்.

ஒரு வித்தியாசத்தை இங்கேயே பிரித்துக்கொள்ள வேண்டும். சொந்த வேலை ஓடவில்லை, ஆனால் பிறர் செய்த நல்ல வேலையைப் பார்த்தால் இன்னும் ரசிக்க முடிகிறது என்றால் அது வறட்சி. கீழே சொல்வதெல்லாம் அதற்கானது. எதைப் பார்த்தாலும் கேட்டாலும் ஒன்றும் தோன்றவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது, வாரக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அதற்குப் பயிற்சி எதுவும் உதவாது. ஓய்வும் மருத்துவரும்தான் வழி.

ஆர்டரும் ஆசையும்

அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமாபிலேவும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 23 தொழில்முறைக் கலைஞர்களிடமிருந்து, பிறர் கேட்டுச் செய்த படைப்புகள் 10, தாமாகச் செய்தவை 10 என்று வாங்கி, எது எந்த வகை என்று சொல்லாமல் நிபுணர்களிடம் காட்டினார்கள். கைநேர்த்தியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதுமையில் மட்டும் ஆர்டர் வேலைகள் தெளிவாகப் பின்தங்கின. ஆனால் ஆர்டர் என்றாலே அப்படித்தான் என்றும் இல்லை. கேட்டவர்கள் கையைக் கட்டிப்போட்டதாகக் கலைஞர் உணர்ந்த இடத்தில்தான் புதுமை குறைந்தது.

ஆகவே ஆர்டரை வெறுக்க வேண்டியதில்லை. வாங்கும் விதத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. 'நீல நிறத்தில், நடுவில் ஒரு பறவை' என்று விடையோடு வருகிறவரிடம் அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். இதைப் பார்ப்பவர் யார், பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்? எதை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது? எது என் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தால், அது கைவேலை. கைவேலைக்கு வேண்டிய விலை சொல்லுங்கள், செய்யுங்கள், நிறைவை அதில் தேடாதீர்கள்.

மறுபக்கம், யாரும் கேட்காத வேலைக்கு வாரத்தில் 4 மணி நேரம். இரண்டு நாள், இரண்டு இரண்டு மணி நேரமாக. அரை மணி அரை மணியாகப் பிரித்தால் நிற்காது. வேலைக்குள் இறங்கவே முதல் 20 நிமிடம் போய்விடும். இந்த நேரம் அன்றைய முதல் மெயிலைத் திறப்பதற்கு முன்னால் வர வேண்டும். 'வேலையெல்லாம் முடித்துவிட்டு மாலையில்' என்று வைத்தவர்களின் காலண்டரில் அந்தக் கட்டம் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

இந்தச் சொந்த வேலையை முடியும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். பாதியில் எடுத்துப் போட்டுப் பத்துப் பேர் பாராட்டினால், அந்தப் பத்துப் பேரும் அன்றிலிருந்து கிளையன்ட் ஆகிவிடுகிறார்கள். அடுத்த கோடு அவர்களுக்காக விழும்.

ஊற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்

ரெஃபரன்ஸ் சேர்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஃபோனில் ஆயிரம் படங்கள், சேமித்த இணைப்புகள் நூறு. திரும்பிப் பார்த்தது எத்தனை? சேமிக்கும் விரல் அசைவே 'கற்றுக்கொண்டேன்' என்ற பொய்த் திருப்தியைத் தந்துவிடுவதுதான் சிக்கல். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதாமல் எதையும் சேமிப்பதில்லை. 'அழகாக இருக்கிறது' என்பது கணக்கில் வராது. 'மூன்று நிறம்தான், ஆனால் மூன்றாவது ஒரே ஓர் இடத்தில் மட்டும் வருகிறது' என்று எழுதினால் அது நாளைக்கு உதவும். இந்த விதியால் நாளுக்கு 30 சேமித்தவர் 2, 3-க்கு இறங்கிவிடுவார். அதுவே போதுமான அளவு.

சேமிப்பதில் பாதியாவது உங்கள் துறைக்கு வெளியே இருக்கட்டும். லோகோ செய்பவர் லோகோக்களையே பார்த்துக்கொண்டிருந்தால் கையில் வருவதும் போன வருடத்து லோகோதான். பூட்டின் உட்புறம், ரயில் கால அட்டவணை, பூச்சியின் சிறகு, தையல் பேட்டர்ன் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரே மூலத்திலிருந்து எடுத்தால் நகல் என்று உங்களுக்கே உறுத்தும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றிலிருந்து ஒவ்வொரு குணத்தை எடுத்துச் சேர்க்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகள் வைத்திருந்தார். எண்ணிக்கை அல்ல விஷயம். ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றுக்கு எண் போட்டு வழி வைத்திருந்தார். வாரம் ஒருமுறை 15 நிமிடம், சேர்த்தவற்றில் ஏதாவது இரண்டைக் கண்ணை மூடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் தேறாது. பத்தாவது முறைக்காகத்தான் இது.

யோசனை வராதபோது மேசையிலேயே உட்கார்ந்து முட்டி மோதுவது பழக்கதோஷம். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பேட்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டு யோசித்தவர்களின் புதிய யோசனைகள் உட்கார்ந்திருந்ததைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தபோதும் பலன் கிடைத்தது, ஆக இயற்கைக் காட்சி கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை. எனவே யோசனைகளைப் பெருக்குவதற்கு நடங்கள், வடிகட்டுவதற்கு உட்காருங்கள். காதில் ஹெட்ஃபோன் வேண்டாம். குரல் பதிவு செய்ய மட்டும் ஃபோன்.

நடைக்கு முன் ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1926-லேயே ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறல், பளிச்சிடல், சரிபார்ப்பு. ஊற வேண்டுமானால் முதலில் ஏதாவது போட்டிருக்க வேண்டும். பிரச்சினையோடு குறைந்தது ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, மோசமான 5 ஸ்கெட்சாவது போட்டுவிட்டு எழுந்திருங்கள். காலி மூளையோடு நடந்தால் கால்தான் வலிக்கும். இதனால்தான் டெட்லைனுக்கு முதல் நாள் ஆரம்பிக்கும் வேலை எப்போதும் தட்டையாக வருகிறது. ஆர்டர் வந்த அன்றே ஒரு மணி நேரம் தொட்டுவிட்டு மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் போதும்.

அன்றைய வேலையை நிறுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. வற்றும்வரை இறைக்காமல், அடுத்து என்ன என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, அந்த அடுத்ததை ஒரு வரியில் எழுதி மேசையில் வையுங்கள். மறுநாள் காலை வெறும் தாளோடு தொடங்க வேண்டியிருக்காது.

விலையும் இதில் சேர்த்தி

பணத்தைப் பற்றிப் பேசினால் கலை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள்தான் பணத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் ஆர்டர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். கூடினால் முதலில் போவது சொந்த வேலைக்கான அந்த 4 மணி நேரம்.

கணக்கு இதுதான். வருடத்தில் 52 வாரம். விடுமுறை, காய்ச்சல், வேலை வராத நாட்கள் என்று 8 வாரம் கழித்தால் 44. வாரத்துக்கு 5 நாள் என்றால் 220 நாள். ஒரு நாளில் பில் போடக்கூடிய வேலை 4 மணி நேரத்துக்கு மேல் தேறாது. மீதியெல்லாம் மெயிலும் பேச்சும். ஆக 880 மணி நேரம். அதில் சொந்த வேலைக்கு வாரம் 4 வீதம் 176 போனால் 704. வருடச் செலவு, வரி, சேமிப்பு மூன்றையும் கூட்டி 704-ஆல் வகுங்கள். பலர் சம்பளக்காரரைப் போல வாரத்துக்கு 40 என்று 2,080-ஆல் வகுக்கிறார்கள். அதனால் கேட்க வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். பிறகு ராத்திரி பகலாக உழைத்தும் ஏன் கட்டுபடியாகவில்லை என்று குழம்புகிறார்கள். ஒரு நாளில் பில் போடக்கூடிய 4 மணி நேரம் என்பதை உங்கள் இரண்டு வார நோட்டில் கிடைத்த உண்மையான எண்ணால் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் பாதி அட்வான்ஸ். கரெக்‌ஷன் இரண்டு சுற்று விலைக்குள், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். 'சுற்று' என்றால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள்: சம்பந்தப்பட்ட எல்லோருடைய கருத்தும் சேர்ந்து, ஒரே பட்டியலாக, ஒரே ஆளிடமிருந்து வருவது. இதை எழுதாவிட்டால் திங்களன்று மேனேஜர், புதனன்று பங்குதாரர், வெள்ளியன்று பங்குதாரரின் மைத்துனர் என்று வந்துகொண்டே இருக்கும். படைப்பின் மேல் இருக்கும் பிரியத்தை இதைவிட வேகமாகக் கொல்லும் விஷயம் வேறில்லை.

வரும் பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும்; மாதம் பிறந்ததும் அதிலிருந்து உங்களுக்கு நீங்களே ஒரே அளவு சம்பளம் போடுங்கள். கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த 3 மாதங்களின் சராசரி, அந்தச் சம்பளத்துக்குப் பத்திரமான அளவு. மூன்று மாதச் செலவு கையிருப்பில் சேர்ந்த பிறகுதான் நோட்டில் கழித்தல் குவிந்த அந்தக் கிளையன்டிடம் 'இனி முடியாது' என்று சொல்ல வாய் வரும். அதற்கு முன்னால் சொல்லச் சொல்வது வெறும் வீராவேசம்.

எது முடிந்தது என்று தெரிய வேண்டும்

வேலைக்குப் போகிறவருக்கு மேலதிகாரியாவது 'சரி' என்று சொல்வார். தனியாக இருப்பவருக்கு அதுவும் இல்லை. இன்வாய்ஸ் அனுப்பியதும் அடுத்த ஃபைல் திறந்துவிடும். நாள் முடிவில் அன்றைக்கு நகர்ந்தது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். அமாபிலே பின்னாளில் சுமார் 12,000 வேலை நாட்குறிப்புகளைப் படித்துக் கண்டது இது: பொருள் உள்ள வேலையில் சிறிதளவாவது முன்னேறிய நாட்களில்தான் ஆட்கள் உற்சாகமாக இருந்தார்கள். 'இரண்டாம் பத்தியின் கடைசி வரி கிடைத்தது' என்ற அளவில் இருந்தாலே போதும். ஆனால் நகர்ந்ததை எழுத வேண்டும், செய்ததை அல்ல. '8 மெயில் அனுப்பினேன்' என்பதில் எதுவும் நகரவில்லை.

கூடவே ஒரே ஓர் ஆள் வேண்டும். ஏறக்குறைய உங்கள் நிலையில் இருக்கும் சக தொழிலாளி. மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், ஆளுக்குப் பாதி. முடித்த ஒன்றைக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் கண் நின்றது, எந்த இடத்தில் விலகியது? 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அந்த ஆள் குடும்பத்தாராக இருக்க வேண்டாம். அவர்கள் படைப்பைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு வாரக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். பழைய நோட்டை முதலில் திறக்காதீர்கள். 14 நாளும் முடிந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழித்தல் குறி வேறொரு பெயருக்கு இடம் மாறியிருக்கலாம். எந்தப் பெயருக்கும் நேராக இல்லாமல் ஒரே வகை வேலைக்கு நேராக, இரண்டாவது முறையும் அதே இடத்தில் நின்றால், ஆளைக் குறை சொல்ல வழியில்லை. அந்த வகை வேலையை விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.