ஒரே பெயருடைய டச்சுப் போர்க்கப்பல்களைப் பிரித்தறிவது எப்படி?

17ஆம் நூற்றாண்டின் டச்சுக் கடற்படை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட மாஸ், சீலாந்து, ஃபிரீஸ்லாந்து, வடஹாலந்தின் நோர்டர்க்வார்டியர் என ஐந்து அட்மிரால்டிகள், அதாவது கடற்படை நிர்வாக வாரியங்கள், தனித்தனியே கப்பல் கட்டிப் பெயர் சூட்டின. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதே பெயர்களைத் தன் கப்பல்களுக்கு வைத்தது. ஆகவே பெயரைக் கண்டதும் முதலில் தேட வேண்டியது அக்கப்பல் எந்த அட்மிரால்டிக்கு உரியது என்பதையே.

அதுவும் சில வேளை போதாது. டச்சுக் கடற்படைத் தளபதி ஒப்டாமின் கொடிக்கப்பலான (தளபதி தன் கொடியை ஏற்றிச் செல்லும் தலைமைக் கப்பல்) ‘ஏன்ட்ராக்ட்’ மாஸ் அட்மிரால்டியைச் சேர்ந்தது. 1665 ஜூன் 13 அன்று ஆங்கிலேயருடன் நடந்த லோஸ்டாஃப்ட் போரில் வெடித்துச் சிதறியது. மறு ஆண்டு ஜூனில் நடந்த நான்கு நாள் போரில் மற்றொரு டச்சுத் தளபதியான ஆர்ட் வான் நெஸ் கொடியேற்றியதும் ‘ஏன்ட்ராக்ட்’தான், அதுவும் மாஸ் கப்பல்தான். இங்கே ஆண்டு மட்டுமே வழக்கைத் தீர்க்கிறது.

நாளைக் குறிக்கும்போதும் விழிப்பு வேண்டும். டச்சு மாகாணங்களில் ஹாலந்தும் சீலாந்தும் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டியைப் பின்பற்றின; இங்கிலாந்தும் ஃபிரீஸ்லாந்தும் பத்து நாள் பின்தங்கிய பழைய (ஜூலியன்) நாட்காட்டியையே வைத்திருந்தன. அதனால் அதே லோஸ்டாஃப்ட் போர் ஆங்கிலப் பதிவுகளில் ஜூன் 3 ஆகிறது.

அடுத்தது அளவு. ஆம்ஸ்டர்டாம் அடி சுமார் 28.3 செ.மீ., ரைன்லாந்து அடி சுமார் 31.4 செ.மீ. ‘150 அடி’ என்ற பதிவு முன்னதில் 42.5 மீட்டர், பின்னதில் 47.1 மீட்டர்; எந்த அடி என்று பாராமல் ஒப்பிட்டால் ஒரே கப்பல் இரண்டாகிவிடும். பீரங்கி எண்ணிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனெனில் போருக்குப் போர் அது மாறியது. தளபதியும் கப்பல் மாறுவார். எழுத்துக்கூட்டல் வேறுபாடோ சான்றே ஆகாது.

ஓவியம் கிடைத்தால் கப்பலின் முகப்பை விட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். முகப்பில் சிங்கம் பெரும்பாலான டச்சுப் போர்க்கப்பல்களுக்குப் பொது. பெயரைச் சுட்டும் செதுக்கல் பின்புறத்தின் மேல்பகுதியில்தான் இருக்கும். அக்காலத்து டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்டே கப்பல்களை நேரில் கண்டு தீட்டிய கோட்டோவியங்கள் இதற்கு மிகச் சிறந்த சான்று. கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலும் ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்திலும் அவற்றின் பெரும் தொகுப்புகள் உள்ளன.

இத்தனைக்குப் பிறகும் அட்மிரால்டியும் ஆண்டும் உறுதிப்படாத கப்பலை, தெரிந்த ஒன்றோடு இணைத்துவிடாமல் தனிப் பதிவாகவே வைத்திருங்கள்.