களை தலைக்கு மேல் வளர்ந்தால் வெட்டிவிடலாமா? மான் வேட்டை நிலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அயோவா, மிசௌரி, டென்னசி பக்கம் வெள்ளைவால் மான் வேட்டைக்கென்றே நிலம் வைத்திருப்பவர்கள் ஏராளம். கோடை நடுவில் அங்கே களை ஆள் உயரத்துக்கு நிற்கும். பார்க்கச் சகிக்காமல் டிராக்டரை எடுத்து மொத்தத்தையும் மழித்துவிடுவார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

அந்தப் பகுதிகளில் மான்குட்டிகள் அதிகம் பிறப்பது மே கடைசியிலும் ஜூனிலும். முதல் சில வாரங்கள் ஆபத்து வந்தால் குட்டி ஓடாது, செடிகளுக்குள் அசையாமல் படுத்திருக்கும். இயந்திரம் நெருங்கினாலும் அப்படித்தான். காட்டு வான்கோழியும் காடையும் தரையில் கூடு கட்டி அடைகாப்பதும் ஏறக்குறைய அதே பருவத்தில். சரி, குட்டிகள் வளர்ந்த பிறகு வெட்டலாமே என்றால், வெட்டிய செடிகள் விழுந்து மண்ணை மூடிக்கொள்கின்றன. வெளிச்சம் படாததால் அகன்ற இலைச் செடிகளின் விதை முளைக்காது. புல் மட்டும் தழைக்கும். மானோ மாட்டைப் போலப் புல்லை நம்பி வாழ்வதில்லை. அதற்கு வேண்டியது இலைச்செடி, கொழுந்து, ஓக் கொட்டை.

அடுத்தது, ஆளை மாற்றி அடிப்பது. ராக்வீட் நம்மூர் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவு. ஆகஸ்டில் அதன் மகரந்தம் ஊரையே தும்ம வைக்கும். ஆனால் மானுக்கு அது புரதம் நிறைந்த தீனி. அதை ஒழித்துவிட்டு, பக்கத்தில் பச்சைப்பசேலென்று கிடக்கும் டால் ஃபெஸ்க்யூ புல்லை ரசிப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் புல்லின் ‘கென்டக்கி 31’ ரகம் 1940களில் மேய்ச்சலுக்காகப் பரப்பப்பட்டது. தரையோடு அடர்ந்து மற்ற விதைகளை எழவே விடாது. வெட்டினாலோ எரித்தாலோ மறுபடி துளிர்க்கும். இலையுதிர் காலத்தில் சில முறை உறைபனி விழுந்து நாட்டுச் செடிகள் அடங்கியபின், ஃபெஸ்க்யூ மட்டும் பச்சையாக இருக்கும்போது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பதுதான் வழி. கோடையில் அடித்தால் நல்ல செடியும் சேர்ந்து சாகும்.

இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் சரியல்ல. ராட்சத ராக்வீட் என்ற இன்னொரு வகை 10 அடியைத் தாண்டி வளர்ந்து, மற்றதை நிழலில் அமுக்கிவிடும். ஆசியாவிலிருந்து வந்த செரிசியா லெஸ்பெடிசா என்ற களையின் விதை பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். கனடா திஸில் என்ற முட்செடியைப் பல மாநிலங்களில் சட்டப்படியே கட்டுப்படுத்த வேண்டும். அதை உழுதால் வேர்த்துண்டுகளிலிருந்து புதுச் செடிகள் கிளம்பும்.

விதைக் கலவையை லேபிள் பார்க்காமல் வாங்காதீர்கள். 2016இல் அயோவாவில் பல மாவட்டங்களுக்குப் பால்மர் அமராந்த் என்ற களை பரவியதே, இயற்கைப் பாதுகாப்புக்காக விதைத்த கலவைகள் வழியாகத்தான். நம் தண்டுக்கீரையின் இனம்தான், ஆனால் ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும்.

பல இடங்களில் விதையே வாங்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வட்டுக் கலப்பையால் லேசாகக் கிளறினால் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் ராக்வீட் போன்றவை தானே எழும். வசந்தத்தின் கடைசியில் கிளறினால் பெரும்பாலும் புல்தான் வரும். அப்புறம், மொத்த நிலத்தையும் ஒரே வருடத்தில் கிளறாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி மான் ஒளிந்துகொள்ள இருக்கட்டும்.